வகாலத்தும் அமானத்தும்: நோயுற்ற வேளையில் நமக்காகப் பேசுபவர் யார்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் சலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட பின்னர் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தினர் நம்மைப் பணித்திருக்கிறார்கள். இம்முறை நாம் எடுத்துக்கொண்ட தலைப்பு சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். நோயுற்ற காலத்தில் நம்முடைய மருத்துவக் காப்பீட்டையும், நம்மைப் பற்றிய தனிப்பட்ட விவரங்களையும் வேறொருவர் கையில் ஒப்படைப்பது பற்றியே பேசவிருக்கிறோம். பள்ளிவாசலில் பேச வேண்டிய விஷயமா இது என்று கேட்போருக்கு ஒரே பதில்தான். பிறருக்கு அதிகாரம் வழங்குவது வகாலத். பிறருடைய இரகசியத்தைக் காப்பது அமானத். இவ்விரண்டையும் பள்ளிவாசலில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். வணிகக் காப்பீடு கூடுமா, கூடாதா என்பது உலமாக்களிடையே நீண்ட விவாதத்திற்கு உரிய மஸ்அலா. அதை இன்று நாம் எடுத்துக்கொள்ளவில்லை; ஐயமுள்ளவர்கள் தனியே வந்து விளக்கம் கேட்கலாம். அரசாங்கத்தின் காப்பீட்டு அட்டை நம்மில் பலருடைய வீட்டுப் பீரோவில் இருக்கிறது. தொழில் நிறுவனம் எடுத்துக்கொடுத்த பாலிசி சிலரிடம் இருக்கிறது. இருக்கின்ற ஒன்றை எப்படிப் பொறுப்போடு கையாளுவது என்பதே இன்றைய பேச்சு.

குகைத் தோழர்கள் கற்பிக்கும் பாடம்

ஜும்ஆ நாளில் நாம் ஓதிவரும் சூரத்துல் கஹ்ஃபின் 19ஆவது வசனத்தை நினைவுகூருங்கள். நெடுந்துயிலிலிருந்து எழுந்த அந்த இளைஞர்கள், தங்களுள் ஒருவரிடம் வெள்ளி நாணயத்தைக் கொடுத்து, நகரத்திற்குச் சென்று தூய்மையான உணவை வாங்கி வருமாறு அனுப்புகிறார்கள். ஃபிக்ஹு கலை அறிஞர்கள் வகாலத் கூடும் என்பதற்கு இவ்வசனத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள்.

இவ்வசனத்தில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. அனுப்பப்பட்டவருக்கு அவர்கள் நான்கு விஷயங்களை வரையறுத்துத் தந்தார்கள். எந்தப் பணத்தைக் கொண்டு செல்வது, எங்கே செல்வது, எதை வாங்குவது என்பவை மூன்று. நான்காவது, நிதானமாக நடந்துகொள்ள வேண்டும், தங்களைப் பற்றி எவருக்கும் தெரியப்படுத்திவிடக் கூடாது என்பது. பொறுப்பைக் கொடுத்த அதே மூச்சில் இரகசியத்தையும் காக்கச் சொன்னார்கள். இன்று நாம் மருமகனிடம் ஆதார் அட்டையையும் கைபேசியையும் கொடுத்து, “எல்லாம் நீயே பார்த்துக்கொள்” என்று சொல்லிவிடுகிறோம். எதை, எங்கே, எதுவரை, எந்த இரகசியத்தோடு என்று ஒரு சொல்லும் சொல்வதில்லை. அந்த இளைஞர்கள் நம்மைவிட விவரமானவர்கள்.

உர்வத்துல் பாரிகீ (ரளி) அவர்களின் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஓர் ஆடு வாங்கிவர நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதைக்கொண்டு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் சேர்த்தே கொண்டுவந்து ஒப்படைத்தார். கிடைத்த ஆதாயம் அனுப்பியவருக்கே உரியது என்பதை அவர் அறிந்திருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் வேண்டி துஆ செய்தார்கள். பிறருக்காகச் செயல்படுகின்ற ஒவ்வொருவருக்கும் இது முன்மாதிரி.

நமது வட்டாரத்தின் நிலை

மயிலத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் முதலில் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். அங்கிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, தனியார் மருத்துவமனைக்கோ அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் கேட்கப்படும் முதற்கேள்விகளுள் ஒன்று, “காப்பீட்டு அட்டை இருக்கிறதா?” என்பது.

தமிழகத்தில் 2009 ஜூலை 23 அன்று உயிர்காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்திற்கு வந்தது. 2018 செப்டம்பர் 23 முதல் மத்திய அரசின் ஜன் ஆரோக்கிய யோஜனாவுடன் இணைக்கப்பட்டு, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு வழி செய்யப்பட்டது. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கான பிரீமியத்தைப் பயனாளி கட்டுவதில்லை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றைக் கொண்டு பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இதில் நம் மக்கள் சறுக்குகின்ற இடங்களைச் சொல்கிறோம். மணமாகிச் சென்ற மகளின் பெயர் தந்தையின் குடும்ப அட்டையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கணவர் வீட்டு அட்டையில் ஏறியிருக்காது. பெயர் குடும்ப அட்டையில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருக்கும். ‘முஹம்மது’ என்னும் திருப்பெயரையே நம் வீடுகளில் நான்கு விதமாக எழுதியிருக்கிறோம். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை எது, சேராதது எது என்று விசாரிக்காமல் ஆம்புலன்ஸ் ஏறிவிடுவோம். இவை யாவும் உடல்நலமாக இருக்கும்போது ஒரு பகல் பொழுதில் சரிசெய்யக் கூடியவை. நள்ளிரவில் அவசரப் பிரிவின் வாசலில் எவராலும் சரிசெய்ய இயலாதவை.

தனியார் பாலிசி வைத்திருப்போரின் சிக்கல் வேறு. கணவர் வளைகுடாவில் இருப்பார். பாலிசி அவர் பெயரில். பதிவு செய்த கைபேசி எண், ஊரில் இருந்தபோது அவர் வைத்திருந்த பழைய எண். மனைவி மருத்துவமனையில் படுத்திருக்க, நிறுவனம் அனுப்பும் ஓ.டி.பி. எவர் கைக்கும் வராத எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். நெடுநாள் பயன்படுத்தாத எண் வேறொருவருக்கு வழங்கப்பட்டும் விடும். அப்போது நம் வீட்டுப் பெண்மணியின் நோய் விவரம் முன்பின் தெரியாத ஒருவருடைய கைபேசியில் வந்து இறங்கும்.

நாமினி வேறு, வகீல் வேறு

நம்மிடம் ஆலோசனை கேட்க வருவோர் பலரும், “பாலிசியில் என் மகனை நாமினியாகப் போட்டிருக்கிறேன், அவன் பார்த்துக்கொள்வான்” என்கிறார்கள். இது தவறான புரிதல். நாமினி என்பவர், பாலிசிதாரர் மௌத்தான பிறகு வரவேண்டிய தொகையைப் பெற்றுக்கொள்ளக் குறிக்கப்பட்டவர். பாலிசிதாரர் உயிரோடு இருக்கும்வரை அவருக்காகக் கையெழுத்திடவோ, விவரங்களைக் கேட்டுப் பெறவோ, நாமினி என்ற ஒரே காரணத்தால் அவருக்கு அதிகாரம் வந்துவிடாது. உயிரோடு இருக்கும்போது நமக்காகச் செயல்படுபவர் வகீல். சட்டம் இவரை முகவர் என்கிறது. இவருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தை மக்கள் பவர் பத்திரம் என்கிறார்கள்.

பவர் பத்திரத்தில் பொது அதிகாரம், குறிப்பிட்ட அதிகாரம் என இருவகை உண்டு. மருத்துவமனைக் காரியத்திற்கும் காப்பீட்டுக் காரியத்திற்கும் குறிப்பிட்ட அதிகாரமே போதும். வீட்டையும் நிலத்தையும் விற்கும் உரிமையைச் சேர்த்து எழுதித் தர வேண்டிய தேவை அறவே இல்லை. “ஆஸ்பத்திரி காரியத்துக்குத்தான், கையெழுத்துப் போடுங்கள்” என்று நீட்டப்படும் தாளில் சொத்து விற்பனை என்ற சொல் இருக்கிறதா என்று வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்த பிறகே கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்போர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பலாம். அப்பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் அதற்குரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்திவிட வேண்டும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. முகவரைப் பற்றிய அதன் பிரிவுகளை வாசிக்கும்போது, மதரஸாவில் ஓதிய கிதாபுல் வகாலா பாடம் நம் நினைவுக்கு வருகிறது. அதிகாரம் கொடுப்பவர் பருவமடைந்தவராகவும் புத்தி சுவாதீனம் உள்ளவராகவும் இருக்க வேண்டும் என்பது இரண்டிலும் உண்டு. கேட்கும்போது கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்று 213ஆவது பிரிவு சொல்கிறது. தாமே செய்வதாக ஏற்ற காரியத்தை முகவர் தம் விருப்பப்படி இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது என்று 190ஆவது பிரிவு சொல்கிறது. அனுமதியின்றி வகீல் இன்னொரு வகீலை நியமிக்கலாகாது என்பதே ஃபிக்ஹின் பொதுவிதியும். தந்தை மகனை நம்பிக் கொடுத்த கைபேசியை, மகன் நண்பனிடம் கொடுக்க, நண்பன் கணினிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போகிறான். இதில் எத்தனை வகீல்கள், எவருக்கு எவர் அனுமதி கொடுத்தார் என்று எண்ணிப் பாருங்கள்.

அறிவு மயங்கும்போது

இப்போது சொல்லவிருப்பதுதான் இன்றைய உரையின் முக்கியமான பகுதி.

“பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் நான் நினைவிழந்து கிடந்தாலும் அது செல்லும்” என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிவுக்கு வருகிறது. நமது ஃபிக்ஹு நூல்களும் இதையே கூறுகின்றன. நீடித்த பைத்தியநிலை ஏற்பட்டால் வகாலத் முறிந்துவிடும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட கூற்றின்படி மயக்கநிலையும் அதை முறித்துவிடும். கொடுத்தவருடைய சிந்தனையின் நிழல்தான் வகாலத். மரம் சாய்ந்தால் நிழல் நிற்பதில்லை. வேறு சில நாடுகளில், அறிவு மயங்கிய பின்னும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்திற்குத் தனிச் சட்டம் உண்டு. நம் நாட்டில் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை.

இதன் விளைவு என்ன என்பதற்குச் சென்னை உயர்நீதிமன்றத்தில் 2024ஆம் ஆண்டு நடந்த வழக்கு ஒன்றே போதும். குடும்பத் தலைவர் கோமாநிலைக்குச் சென்றுவிட்டார். சிகிச்சைச் செலவோ மலைபோல் நின்றது. அவருடைய வங்கிக் கணக்கும் சொத்தும் அவர் பெயரில் இருந்தன. மனைவி உடனிருந்தும் அவற்றைத் தொட இயலவில்லை. தன்னைக் காப்பாளராக நியமிக்குமாறு அந்த அம்மையார் உயர்நீதிமன்றத்தை நாடினார். தனி நீதிபதி, உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்லுமாறு கூறினார். மேல்முறையீட்டில், 2024 மே மாதம், இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அவரையே காப்பாளராக நியமித்து ஆணையிட்டது. கேரள உயர்நீதிமன்றம் 2019இல் இத்தகைய வழக்குகளுக்கென வழிகாட்டு நெறிகளை வகுத்தது. மைனர்களுக்கு 1890ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கோமாவில் கிடப்பவருக்கென்று சட்டம் ஏதும் இல்லாததால்தான் மனைவிமார்கள் உயர்நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது.

கணவர் மூச்சுக்கருவியோடு போராடிக்கொண்டிருக்கும் வேளையில், ஒரு பெண்மணி வழக்கறிஞரைத் தேடிச் சென்னைக்கு அலைவது எத்தகைய சோதனை! மயிலத்திலிருந்து அலைய நம் வீட்டுப் பெண்களுக்குச் சக்தி உண்டா? பவர் பத்திரம் இதை முழுமையாகத் தீர்க்காது என்று தெரிந்துவிட்டது. ஆகவே வேறு முன்னேற்பாடுகள் வேண்டும். சிகிச்சைக்கென ஒதுக்கிய சேமிப்பையாவது கணவன் மனைவி இருவர் பெயரிலும், ‘இருவரில் எவரும் எடுக்கலாம்’ என்னும் முறையில் கூட்டுக் கணக்காக வைக்கலாம். குடும்பம் முழுமைக்குமான பாலிசியில் இருவருடைய கைபேசி எண்களையும் பதிந்து வைக்க இயலுமா என்று நிறுவனத்தில் கேட்கலாம். அட்டை எங்கே, பாலிசி எங்கே, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை வீட்டில் இருவராவது அறிந்திருக்க வேண்டும்.

மனநோய்ச் சிகிச்சைக்கு மட்டும் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, வயது வந்த எவரும் தமக்கான பிரதிநிதி ஒருவரை வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைரேகையோ இட்டு நியமிக்கலாம். நியமிக்கப்படுபவரின் சம்மதம் வேண்டும். முத்திரைத்தாளும் கட்டணமும் தேவையில்லாத இந்த உரிமையை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? மனநோயை மறைத்து வைப்பதற்கே பழகிவிட்டோம்.

சகோதரிகளுக்கு ஒரு செய்தி

வயது வந்த பெண்ணின் உடலுக்குச் செய்யப்படும் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே சம்மதம். டெல்லியில் 44 வயதுப் பெண்மணி ஒருவர் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நிலையில் இருந்தார். வெளியே நின்ற தாயாரிடம் சம்மதம் பெற்று, அவருடைய கருப்பை அகற்றப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2008 ஜனவரி 16 அன்று வந்த தீர்ப்பு, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நோயாளி கண்விழித்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும், தாயாரின் சம்மதம் செல்லாது என்று கூறியது. பெற்ற தாயின் கையெழுத்தே செல்லாதபோது, வாசலில் நிற்கும் மற்ற உறவினர்களின் கையெழுத்து எம்மாத்திரம்?

ஆகவே ஆண்மக்கள், “நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், பேசாமல் இரு” என்று சொல்லலாகாது. உதவிக்கு நிற்பது வேறு. உரிமையை எடுத்துக்கொள்வது வேறு. பெண்மணி தம் சார்பில் பேச எவரைத் தேர்ந்தெடுக்கிறாரோ அவரே அவருடைய வகீல். அவர் தாயாராகவோ சகோதரியாகவோ இருக்கலாம். கணவருக்குத் தெரிவிக்க விரும்பும் விவரமும், மாமியாருக்குத் தெரிய வேண்டாத விவரமும் ஒரு பெண்ணுக்கு இருக்கத்தான் செய்யும். அதை மதிப்பதும் மார்க்கமே.

இரகசியம் அமானத்

சிறுவராக இருந்த அனஸ் (ரளி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு காரியமாக அனுப்பினார்கள். தாமதமாக வீடு திரும்பிய மகனிடம் தாயார் உம்மு ஸுலைம் (ரளி) காரணம் கேட்டார்கள். அது அல்லாஹ்வின் தூதருடைய இரகசியம் என்றார் மகன். அப்படியானால் எவரிடமும் சொல்லாதே என்றார்கள் தாயார். தாய்க்குக்கூடச் சொல்லவில்லை, தாயும் வற்புறுத்தவில்லை. இன்று ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அவருடைய பரிசோதனைச் சீட்டு, குழாய்கள் பொருத்திய படம், கட்டணச் சீட்டு ஆகியவை மாலைக்குள் எத்தனை கைபேசிகளில் வலம் வருகின்றன! உதவி கோரும் நன்னோக்கம்தான். ஆயினும் நோயாளியின் அனுமதி பெற்றோமா? திருமணத்திற்குக் காத்திருக்கும் பெண்ணின் நோய் விவரம் ஊரெங்கும் பரவினால், அதன் பாதிப்பைச் சுமப்பவர் யார்?

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தாம் இறந்துவிட்டாலோ செயலற்றுப் போனாலோ, தம் தரவின் மீதான உரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்கும் உரிமையை அதன் 14ஆவது பிரிவு தருகிறது. அச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன. நோயாளியோ, அவர் அதிகாரம் அளித்த உடனிருப்பவரோ கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. ‘அதிகாரம் அளித்த’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். கையில் ஒரு கடிதம் இருந்தால் வேலை எளிதாகும்.

மற்றோர் எச்சரிக்கை. காப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பாமல் வெற்றுத்தாளில் கையெழுத்திட்டு முகவரிடம் கொடுக்காதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை “இல்லை” என்று அவர் எழுதிவிட்டால், பொய் சொன்னவராகப் பதிவேட்டில் நிற்பவர் நீங்கள். கோரிக்கை நிராகரிக்கப்படும்போது முகவர் அருகில் இருக்கமாட்டார். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடந்த பின் மோசடி என்று நிரூபித்தாலன்றி நிறுவனம் கோரிக்கையை எதிர்க்க இயலாது என்ற விதி உண்மைதான். அதை நம்பி நோயை மறைப்பது அதே மோசடி ஆகிவிடும். மறைத்து வாங்குவது மார்க்கத்திலும் கூடாது. நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திற்கு எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு கிடைக்காவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே பாதிக்கப்பட்டவரோ, அவருடைய வாரிசோ, நாமினியோ முறையிட வேண்டும். இடைத்தரகருக்கு அங்கே இடமில்லை. அவருக்குப் பங்கு கொடுக்கவும் தேவையில்லை.

செய்ய வேண்டியவை

ஒன்று: இந்த மாதத்திற்குள் ஒவ்வொரு வீட்டிலும் குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டு: நம்பிக்கையான ஒருவரையும், அவர் ஊரில் இல்லாத வேளைக்கு மற்றொருவரையும் தேர்ந்தெடுங்கள். அதிகம் படித்தவர் என்பதைவிட, அழைத்தால் வருபவர், வாய் அடக்கமுள்ளவர் என்பதைப் பாருங்கள்.

மூன்று: எழுதிக் கொடுங்கள். கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், சொல்ல இயலாத பலவீனருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லட்டும் என்றும் வழிகாட்டுகிறது. நீண்ட பத்திரம் வேண்டாம். இவ்வாறு எழுதினால் போதும்: “இன்னார் மகனாகிய நான், என் சிகிச்சை தொடர்பாக மருத்துவமனையிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எனக்காகப் பேசவும், படிவங்களையும் பதிவேடுகளையும் கொடுக்கவும் பெறவும் இன்னாருக்கு அதிகாரம் அளிக்கிறேன். இவ்வதிகாரம் இன்ன தேதி வரை செல்லும். பணம் பெறவும், சொத்தை விற்கவும் இதில் அதிகாரம் இல்லை. என் விவரங்களை இக்காரியத்திற்கு அப்பால் எவருக்கும் தரலாகாது.” தேதியிட்டு, இரு சாட்சிகளோடு கையெழுத்திடுங்கள். நிறுவனம் தனக்கென வைத்திருக்கும் படிவத்தைக் கேட்டால் அதையும் நிரப்புங்கள். நோட்டரி சான்று கேட்குமிடத்தில் அதையும் பெறுங்கள்.

நான்கு: ஆதார் நகல் கொடுக்கும்போது, எண்ணின் முற்பகுதி மறைக்கப்பட்ட நகலை ஏற்பார்களா என்று கேளுங்கள். நகலின் மேல் “இன்ன காரியத்திற்கு மட்டும்” என்று தேதியோடு எழுதுங்கள். ஓ.டி.பி. எண்ணைக் கைபேசியில் கேட்பவர் எவராயினும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

ஐந்து: காரியம் முடிந்ததும் திரும்பப் பெறுங்கள். கொடுத்த கடிதத்தையும் அட்டைகளையும் வாங்குங்கள். இரகசிய எண்ணை மாற்றுங்கள். அதிகாரத்தை இரத்து செய்தால் அதை எழுத்தில் அவருக்கும் நிறுவனத்திற்கும் தெரிவியுங்கள். செய்தி எட்டும்வரை வகீல் செய்தது செல்லும் என்பதே சட்டமும் ஹனஃபி ஃபிக்ஹும்.

நிர்வாகத்திற்கும் ஒரு வேண்டுகோள். பைத்துல்மால் மருத்துவ உதவிக்காக வாங்கப்படும் நகல்கள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். உதவி முடிந்து கணக்குத் தணிக்கை ஆனதும் அவற்றை உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது அவர் முன்னிலையில் கிழித்துவிடுங்கள். ஆண்டறிக்கையில் உதவித் தொகையை அச்சிடுங்கள். பெற்றவரின் பெயரையும் நோயையும் அச்சிட வேண்டாம். கணினியும் படிப்பும் அறிந்த இளைஞர் இருவரும் சகோதரியர் இருவரும் மாதம் ஒருநாள் படிவங்களைச் சரிபார்த்துத் தர முன்வந்தால், அது பெரும் ஸதக்காவாக அமையும்.

பொறுப்பேற்போருக்கு

இறுதியாக, வகீலாக நிற்கப் போகின்றவர்களே! உங்கள் கை அமானத்தின் கை. கவனக்குறைவோ வரம்புமீறலோ இல்லாதவரை இழப்புக்கு நீங்கள் பொறுப்பாளி அல்லர் என்று ஷரீஅத் உங்களுக்குச் சலுகை தந்திருக்கிறது. அதற்கு ஈடாக நேர்மையைக் கேட்கிறது. மருந்துக்கடைச் சீட்டு முதல் ஆட்டோக் கட்டணம் வரை எழுதி வையுங்கள். நோயாளி கேட்கும் முன்பே கணக்கைக் காட்டுங்கள். அவர் தேறி எழும்போது, “நான் இல்லாவிட்டால்” என்று சொல்லிக் காட்டாதீர்கள். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு சூரத்துன் னிஸாவின் 58ஆவது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். பணத்தை ஒப்படைப்பதோடு அக்கட்டளை முடிந்துவிடுவதில்லை. அறிந்த இரகசியம் கப்ரு வரை நம்மோடு வர வேண்டும்.

நம் மஹல்லாவில் நோயுற்றிருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. அவர்களுக்காக அலைவோரின் கால்களுக்கு வலுவும், நாவுக்கு அடக்கமும் தருவானாக. அமானத்தை ஏற்றோரை அதில் மோசம் செய்யாதவர்களாக ஆக்கி அருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.